யார் பணத்தில் எழுந்தது இந்த ஓட்டல்?

கொழும்பு நகரத்தில் கொள்ளுப்பிட்டி என்று ஒரு பகுதி. கடலோரம். பணக்காரர்கள் நடமாடும் இடம். அங்கே காலி வீதியை ஒட்டி நாற்பது மாடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு கட்டிடம். ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று சொல்லிக் கட்டினார்கள். ‘கிராண்ட் ஹயாத்’ என்று பெயரும் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி பளபளக்கும். ஆனால் வேலை முடியவில்லை. ஆண்டுகள் பல ஓடியும் அங்கே ஒரு விருந்தாளி இரவு தங்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு பரிமாறப்படவில்லை. விற்றுத் தொலைக்கப் பார்த்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள், கமிட்டி போட்டார்கள்.

கொழும்பில் எவனோ கட்டிய ஓட்டல் நின்றுவிட்டால் பனமரத்துப்பட்டியில் விடியுமுன் எழுந்து அரளி மொட்டுப் பறிக்கிறவளுக்கு என்ன நஷ்டம்? ராத்திரி ஷிப்டு முடித்து, பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பும் மில் தொழிலாளிக்கு அதில் என்ன வேலை? கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது.

அந்தக் கட்டிடத்தில் இலங்கை நாட்டுத் தொழிலாளர்களின் சேமலாப நிதிப் பணம் 500 கோடி ரூபாய் புதைந்து கிடக்கிறது. இலங்கை ரூபாய்தான், ஆனால் வியர்வைக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை கிடையாது. நம்மூரில் பி.எஃப். என்று சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதேதான் அங்கே ஊழியர் சேமலாப நிதி. 1958-இல் சட்டம் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12. பணத்தை வைத்து ஆள்வது மத்திய வங்கி.

அந்த நிதிக்குச் சந்தா கட்டுகிறவர்களில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் யார்? தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சேலம் ஜில்லாவில் மனிதர்கள் எலும்பும் தோலுமாக ரோட்டோரம் செத்து விழுந்தார்கள். அந்தக் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், கங்காணியின் பேச்சை நம்பிக் கண்டிச்சீமைக்குப் புறப்பட்டவர்களில் சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஏழைகள் ஏராளம். காடு வெட்டியவர்கள் அவர்கள். மலையைத் தேயிலையாக்கியவர்கள் அவர்கள். 1948-இல் குடியுரிமையைப் பறித்தது இலங்கை சர்க்கார். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று ஆடுமாடு போலப் பங்கு பிரித்தார்கள். இந்தப் பக்கம் வந்தவர்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் நின்றவர்கள் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் நமக்கு அந்நியர்களா? நம் பாட்டன், பூட்டன் கூடப் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா!

ஆகவே 500 கோடியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது 2015-இல். ஊர்வலம், மறியல், உண்ணாவிரதம் எல்லாம் நடந்து அது கிடைத்தது 2021-இல். ஆறு வருஷம்! அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் சேர்ந்து ஒரு நாளைக்கு நிதிக்குப் போவது 200 ரூபாய். 500 கோடி சேர வேண்டுமென்றால் இரண்டரைக் கோடி நாள் வேலை செய்ய வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அட்டைக்கடி வாங்கி, மழையில் நனைந்து, முதுகில் கூடை சுமந்து இரண்டரைக் கோடி நாள்! முதலாளி பங்கு என்று சொல்கிறார்களே, அதுவும் தொழிலாளியின் கூலியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டதுதான்; முதலாளி பாட்டன் சொத்திலிருந்து கொண்டு வந்து போடவில்லை.

இந்தப் பணம் எப்படி ஓட்டலுக்குள் போயிற்று? கதை ருசியாக இருக்கும்.

முதலில் இதை ஆரம்பித்தது சர்க்கார் அல்ல; சிலிங்கோ என்ற பெரிய தனியார் கூட்டம். பணக்காரர்களுக்கு மாடி வீடு கட்டி விற்பதாகத்தான் முதல் திட்டம். 2008 டிசம்பரில் அதே கூட்டத்தைச் சேர்ந்த ‘கோல்டன் கீ’ கம்பெனி கவிழ்ந்தது. டெபாசிட் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். கட்டிட வேலையும் நின்றது. இதுவரை முதலாளியின் சூதாட்டம், முதலாளியின் நஷ்டம்.

இங்கேதான் சர்க்கார் நுழைகிறது. 2011 நவம்பரில், நலிந்த தொழில்களையும் பயன்படாத சொத்துக்களையும் மீட்கிறோம் என்று அவசர அவசரமாக ஒரு சட்டம். 37 இடங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இந்த அரைகுறைக் கட்டிடமும் அதில் ஒன்று. எடுத்துக்கொண்டது தப்பா? இல்லை. ஏழைக்கு வீடாக்கியிருக்கலாம், ஆஸ்பத்திரியாக்கியிருக்கலாம். சர்க்கார் எடுத்தது என்பதைக் கேட்டவுடனே கைதட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. யார் கையிலிருந்து எடுத்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. யாருக்காக எடுத்தது என்று பார்க்க வேண்டும். இவர்கள் எடுத்தது அமெரிக்க ஓட்டல் கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டுவதற்கு!

‘கான்வில் ஹோல்டிங்ஸ்’ என்று ஒரு கம்பெனியை உண்டாக்கினார்கள். அதில் அரசாங்க இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் பணம் போட்டது. சமையல் வாயு விற்கும் அரசாங்கக் கம்பெனியான லிட்ரோ காஸ் பணம் போட்டது. அடுப்பெரிக்கிற பெண்களிடம் வசூலித்த காசு! பிறகு சேமலாப நிதியிலிருந்து 500 கோடி. பெயர் கொடுத்த ஹயாத் கம்பெனி ஓட்டலை நடத்திக் கொடுக்கும், கூலி வாங்கிக்கொள்ளும். கட்டுகிற பணம் தொழிலாளியுடையது. ஓட்டல் கொழித்தால் பெருமை அமைச்சருக்கு. படுத்தால் நஷ்டம் தேயிலைத் தோட்டத்துக்கு. ஆகா, என்ன பங்காளித்தனம்!

அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்களான தொழிலாளர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? அட்டன் பக்கத்து லயத்தில் பத்தடி அறையில் மழை ஒழுகப் படுத்திருக்கிறவளிடம், “அம்மா, உன் பணத்தில் கொழும்பில் ஐந்து நட்சத்திர ஓட்டல் கட்டப் போகிறோம், சம்மதமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? “முதலில் இந்தக் கூரைத் தகரத்தை மாற்றுங்கள்” என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ஓட்டல் மோகம் அந்த ஒரு கட்டிடத்தோடு நிற்கவில்லை. 2009-இல் யுத்தம் முடிந்ததும் கொழும்பை ‘அழகுபடுத்த’ கிளம்பினார்கள். 2010 முதல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரைக் கட்டுவதற்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டவர்களுக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. 2010 மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் தெருவில் பட்டாளத்துக் காவலோடு வந்து வீடுகளை இடித்தார்கள். பத்திரம் வைத்திருந்தவர்களின் வீடும் போயிற்று. நகர மையத்தில் குடிசைகளிலும் தோட்டங்களிலும் வாழ்ந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கிளப்பி, வேறிடத்து அடுக்குமாடிகளில் அடைத்து, காலியாகும் நிலத்தை முதலாளிகளுக்குத் திறந்துவிடுவது என்று திட்டம்.

காலி முகத்திடலுக்கு எதிரே இருந்த பழைய ராணுவத் தலைமையகத்தின் 10 ஏக்கர் ஷாங்கிரி-லா ஓட்டல் கம்பெனிக்குப் போயிற்று. ஓட்டல் 2017-இல் திறந்தது. பக்கத்திலேயே நம் நாட்டு சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யும் கட்டியது, திறக்க 2024 ஆயிற்று. கோட்டைப் பகுதியில் ட்ரான்ஸ்வொர்க்ஸ் ஹவுஸ் என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடத்து நிலம் கிரிஷ் என்ற இந்தியக் கம்பெனியிடம் போயிற்று. வானத்தைத் தொடும் கோபுரமும் உயர்ரக ஓட்டலும் வரும் என்று படம் காட்டினார்கள். வந்தது பாதிக் கோபுரம்; அதுவும் எலும்புக்கூடு. ஆக, நகரத்தின் நடுவில் இரண்டு எலும்புக்கூடுகள்.

கொம்பனித்தெருவில் ஒன்றரை நூற்றாண்டு நின்ற டி சொய்சா கட்டிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழே சின்னச் சின்னக் கடைகள், மேலே மரச் சாளரங்கள் வைத்த அறைகள். பராமரிப்பின்றி விட்டார்கள், பழுதாயிற்று, பழுதாகிவிட்டது, ஆபத்து என்று சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன் தரைமட்டமாக்கினார்கள். இந்தத் தந்திரத்தை எந்த ஊர்த் தொழிலாளியும் அறிவான். மில்லை மூட வேண்டுமென்றால் முதலில் எந்திரத்துக்கு எண்ணெய் போடுவதை நிறுத்துவார்கள்!

பழைய கட்டிடம் இடிகிறதே என்று பத்திரிகைகளில் கண்ணீர் விடுகிற கனவான்கள் எங்கும் உண்டு. தூணின் வளைவு, கதவின் வேலைப்பாடு, ஓட்டின் சிவப்பு என்று எழுதுவார்கள். எழுதட்டும். அதில் குற்றமில்லை. அந்தத் தூணைச் செதுக்கியவனும் தொழிலாளிதான். கைவேலையின் அருமை நமக்கும் தெரியும். ஆனால் ஒன்றை அவர்கள் எழுத மறந்துவிடுகிறார்கள். பழைய கட்டிடத்தில் வாடகை குறைவு. தையற்காரன் கடை போட முடியும். சைக்கிள் ரிப்பேர்க்காரன் ஒண்டிக்கொள்ள முடியும். துறைமுகத் தொழிலாளி நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் குடியிருக்க முடியும். இடித்த மறுநாள் அந்த நிலத்தில் அவர்கள் யாருக்கும் இடமில்லை. நகரத்தின் நடுவிலிருந்து ஏழையைத் துரத்துவதற்கு மிகச் சுலபமான வழி, அவன் இருக்கிற கட்டிடம் அசிங்கமாக இருக்கிறது என்று சொல்வதுதான்.

பம்பாயில் நடந்தது மில் தொழிலாளிக்கு மறந்திருக்காது. 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைக் காரணம் காட்டி மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991-இல் ஒரு விதி வந்தது: மில் நிலத்தை விற்றால் ஒரு பங்கு பொதுமக்களுக்குத் திறந்த வெளி, ஒரு பங்கு வீடுகள், ஒரு பங்கு முதலாளிக்கு. 2001-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டிடம் நிற்கும் நிலம் கணக்கில் வராதாம். காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும்தான் பங்காம்! 2006-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பகட்டுக் கடைகளும் ஐந்து நட்சத்திர ஓட்டலும் எழுந்தன. புகைபோக்கியை மட்டும் அலங்காரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் சேலத்தில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிற்கிறதல்லவா, அதைப்போல. நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோவில் தச்சர், தையற்காரர், லைட் பாய் என்று எத்தனை பேர் பிழைத்தார்கள்! வாசல் மட்டும் மிச்சம்.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். ‘ஓட்டல் வந்தால் வெள்ளைக்காரன் வருவான், டாலர் வரும், வேலை கிடைக்கும்’ என்பது வழக்கமான வாதம். ஓட்டல் ஓடினால் அறை கூட்டவும் பாத்திரம் கழுவவும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது உண்மைதான். நமக்கு வேலை வேண்டாமா? வேண்டும். ஆனால் டாலர் வந்த லட்சணத்தை உலகம் பார்த்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று இலங்கை சர்க்கார் கை விரித்தது. பால் மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெட்ரோல் வரிசையில் நின்றபடியே செத்தவர்களும் உண்டு. ஷாங்கிரி-லாவுக்கு அருகே அதே காலி முகத்திடலில் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து ஜனாதிபதியை நாட்டை விட்டே ஓட வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். கடனை மறுசீரமைக்க வேண்டும். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் சொன்னது. உள்நாட்டில் சர்க்கார் பத்திரங்களை வைத்திருந்தவர்களில் பாங்கிகள் உண்டு. பெரும் பணக்காரர்கள் உண்டு. தொழிலாளர் நிதிகளும் உண்டு. 2023 ஜூலையில் பாங்கிகளைத் தொடமாட்டோம் என்றார்கள். தொட்டது யாரை? சேமலாப நிதியை! பழைய பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் புதிய பத்திரங்களை வாங்கிக்கொள்: 2025 வரை வட்டி 12 சதவீதம், பிறகு 9 சதவீதம். சம்மதமில்லையா? உன் வருமானத்துக்கு வரி 14 சதவீதம் அல்ல, 30 சதவீதம். கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு ‘உன் இஷ்டம்’ என்பது இதுதான்.

ஓட்டலில் 500 கோடி போனது ஒரு தடவை. கடனுக்காக வட்டியை வெட்டியது இன்னொரு தடவை. இரண்டு தடவையும் ஒரே பையிலிருந்து. ஏன் அந்தப் பை மட்டும் எப்போதும் கைக்கு எட்டுகிறது? காரணம் எளிது. பாங்கி முதலாளிகள் அமைச்சரின் அறைக்குள் போய்ப் பேச முடியும். கொழுந்து பறிக்கிறவளின் பணத்துக்குக் காவல் இல்லை. அவள் ஓய்வு பெறும்போதுதான் கணக்கு கேட்பாள். அதற்குள் நான்கு சர்க்கார் மாறிவிடும்.

இங்கே நம் பணம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிற தோழர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

நம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பங்குச் சந்தைக்குப் பணம் போகத் தொடங்கியது 2015 ஆகஸ்டில். புதிதாக வரும் பணத்தில் நூற்றுக்கு 5 என்று ஆரம்பித்தார்கள், 10 ஆயிற்று, இரண்டே ஆண்டில் 15 ஆயிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சர்க்கார் கேட்கவில்லை. 2018-இல் ஐ.எல். அண்டு எப்.எஸ். என்ற ராட்சச நிதிக் கம்பெனி கவிழ்ந்தபோது, அதன் கடன் பத்திரங்களில் தொழிலாளர் நிதிகளின் பணமும் சிக்கிக்கிடப்பது வெளியே வந்தது. 2019-இல் உத்தரப் பிரதேச மின்சாரத் தொழிலாளர்கள் ஒரு நாள் காலையில் பத்திரிகையைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். தங்கள் பிராவிடண்டு பண்டில் 2000 கோடி ரூபாய்க்கு மேல் டி.எச்.எப்.எல். என்ற தனியார் வீட்டுக்கடன் கம்பெனியில் மாட்டிக்கொண்டிருந்தது. வேலைநிறுத்தம் செய்து தெருவுக்கு வந்த பிறகுதான் பணத்துக்குச் சர்க்கார் பொறுப்பு என்ற பேச்சே எழுந்தது. அந்தக் கம்பெனி யாருக்குக் கடன் கொடுத்தது? கட்டிட முதலாளிகளுக்கும்தான்! கொள்ளுப்பிட்டி ஓட்டலுக்கும் லக்னோ மின்கம்பத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

நிதிப் பணத்தை இப்படியெல்லாம் தாராளமாக வெளியே அனுப்புகிற கை, தொழிலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படி முடங்குகிறது பாருங்கள். இதே நிதி நிர்வாகம் நடத்தும் பென்ஷன் திட்டத்தில், 2014 செப்டம்பரில், குறைந்தபட்சப் பென்ஷன் என்று நிர்ணயித்தது மாதம் 1000 ரூபாய். முப்பது வருஷம் நூல் சுற்றியவனுக்கு ஒரு நாளைக்கு முப்பத்துச் சொச்சம்.

விவசாயத் தொழிலாளிக்கு இந்த நிதியும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. பணம் பிடிக்க அவனிடம் சம்பளப் பட்டியலே இல்லை. ஆகவே இந்தச் சண்டை அவனுடையதல்ல என்று ஆகிவிடுமா? அவனிடமிருந்து எடுப்பது காலடி மண்ணை. மியூஸ் தெருவில் பட்டாளம் வந்தது. 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு நம் பக்கத்து வயல்களில் கல் நட வந்தபோது போலீஸ் வந்தது. நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டவர்களில் பட்டா உள்ள விவசாயியும் இருந்தான், அவன் நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறவளும் இருந்தாள். நஷ்டஈடு பட்டாவுக்கு உண்டு. களை எடுத்த கைக்கு உண்டா? அந்தப் பேச்சை எந்த அதிகாரியும் எடுத்ததில்லை.

நிதியை ஆளும் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். இருக்கிறார்கள். நியமிப்பது மத்திய சர்க்கார். அவர்கள் வேண்டாம் என்று கையை உயர்த்தினாலும் தீர்மானம் நிறைவேறும். பங்குச் சந்தை விஷயத்தில் அதைத்தான் பார்த்தோம். எந்தக் கம்பெனியில் எவ்வளவு போட்டார்கள், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் ஒவ்வொரு மில் நோட்டீஸ் போர்டிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தனியார் கம்பெனியில் போட்ட பணம் மூழ்கினால் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். கட்டிடம், ஓட்டல், மனை வியாபாரம் பக்கம் இந்தப் பணம் தலைவைத்தே படுக்கக் கூடாது. தொழிலாளி பணத்தில் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தொழிலாளிக்கு வீடு கட்டட்டும். அதில் குடியேற ஆள் இல்லாமல் போகாது.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. செல்போனில் பி.எஃப். கணக்கைப் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் ஷிப்டுக்கு இரண்டு பேர் முன்வாருங்கள். வயதானவர்களின் கணக்கைத் திறந்து, பிடித்த பணம் மாதாமாதம் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூலிக்காரர் என்று சொல்லி, காண்டிராக்ட் என்று சொல்லி, கணக்கே தொடங்காமல் வைத்திருக்கிறவர்களின் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். சேலத்தில் நிதி அலுவலகம் இருக்கிறது. பட்டியலோடு போவோம்.